ஒண்ணுமில்ல, கீரைதான்

எங்கள் ஊரில் விருந்தாளிக்குக் கோழி அடிக்கும்போது அதைக் கோழி என்று சொல்வதில்லை. வந்தவர் உட்கார்ந்து, வெற்றிலை பாக்கு மென்று, காபி குடித்து முடித்ததும், வீட்டுக்காரர் கோழியைக் காலைப் பிடித்து உயிரோடு கொண்டுவந்து அவர் முன்னால் காட்டுவார். காட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல, கீரைதான்" என்பார். விருந்தாளி உடனே, "எதுக்கு இதெல்லாம், வேணாம், வேணாம்" என்று பதற வேண்டும். பதறினால்தான் நல்ல குடும்பத்தில் பிறந்தவர். அவர் எவ்வளவு வேண்டாம் என்கிறாரோ அவ்வளவு சீக்கிரம் கோழியின் கழுத்தில் கத்தி விழும். சும்பாத் தீவில் இது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு பல்கலைக்கழகத்துக்குத்தான் தெரியவில்லை.

என் பெயர் பெர்த்தா. மாதம் ஒருமுறை ஊர்க் குழந்தைகளை எடை போடுவது என் வேலை. தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையின் உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணித் தூளியில் பிள்ளையை உட்காரவைத்து, முள் நிற்கும் இடத்தைப் பார்த்து அட்டையில் புள்ளி வைப்பேன். அட்டையின் அடியில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். புள்ளி அதற்குக் கீழே விழுந்தால் அன்று எனக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டு யுப்லினாவின் மகள் மெல்சிக்குப் புள்ளி எப்போதும் கீழேதான். இரண்டு வயது ஆகப்போகிறது, இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். அப்பன் கடல் தாண்டிக் கலிமந்தானில் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் இருக்கிறான். இருக்கிறான் என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான் தெரியும். வீட்டில் சோளமும் மரவள்ளியும்தான் சாப்பாடு. மழைக்கு முந்தின மாதங்களில் அந்தச் சோளமும் பானையின் அடியைத் தொட்டுவிடும்.

இந்த நிலையில்தான் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பல்கலைக்கழகம் எங்களைத் தேடி வந்தது. திட்டத்துக்குத் தலைவி இபு லிஸ்தியானி. படித்த பெண்களை நாங்கள் இபு என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷி. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். கெட்டவளாக இருந்திருந்தால் ஒரே வாரத்தில் சண்டை போட்டு விரட்டியிருப்பேன். சட்டையில் சின்னதாக ஒரு வட்டம் குத்தியிருந்தார், அதில் பதினேழு நிறம்.

"உலகம் பூரா நாடுங்க சேந்து பதினேழு இலக்கு வச்சிருக்காங்க. எங்க பல்கலைக்கழகம் ஒவ்வொண்ணுக்கும் ஏதாவது செய்யுது. நாங்க வந்திருக்கறது ரெண்டாவது இலக்குக்கு. பசியே இருக்கக் கூடாது" என்றார்.

"பசிக்கே ரெண்டாவது எடந்தானா? மொத எடம் யாருக்கு இபு?"

"வறுமைக்கு."

"எங்க ஊர்ல அது ரெண்டும் ஒரே வீட்லதான் குடியிருக்கு."

வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

சிவப்புக் கோட்டுக்குக் கீழே பிள்ளை இருந்த வீடுகளுக்கெல்லாம் கோழி கொடுத்தார்கள். வீட்டுக்கு ஐந்து பெட்டை, ஒரு சேவல், மூங்கில் கூண்டு, இரண்டு மூட்டை தீவனம். நல்ல சாதிக் கோழி. நம்மூர்க் கோழி மாதிரி நினைத்த நேரம் இட்டு, நினைத்த நேரம் அடைக்கு உட்காராமல், ஒழுங்காக முட்டை வைத்தது. ஒரே நிபந்தனை, முட்டையை விற்கக் கூடாது, பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும். யுப்லினா ஒரு முட்டைகூட விற்கவில்லை. மெல்சியை மடியில் வைத்துக்கொண்டு வெந்த முட்டையைப் பிட்டுப் பிட்டு ஊட்டுவாள். மஞ்சள் கரு கீழே சிந்தினால் தானே விரலால் தொட்டு எடுத்து அந்த வாயிலேயே வைப்பாள்.

அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் எனக்கே நம்ப முடியாது. பிள்ளை சுவரை விட்டாள். கோழிகளின் பின்னால் தத்தித் தத்தி ஓடினாள். கன்னம் வைத்தது. ஒரு மாதம் தூளியில் உட்காரவைத்தேன், புள்ளி கோட்டைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. அந்தக் கொட்டகையிலேயே நான் கையைத் தூக்கி ஆடினேன். யுப்லினா அழுதாள். இபு லிஸ்தியானி அட்டையைப் படம் எடுத்தார். அந்தப் படத்தில்தான் எங்களுக்குச் சனி பிடித்தது.

திட்டம் ஜெயித்துவிட்டது என்று பல்கலைக்கழகம் முழுக்கச் செய்தி பரவியிருக்கிறது. யுப்லினா வீட்டு முகப்பில் 'மாதிரி வீடு' என்று ஒரு பலகை அடித்தார்கள். ஜெயித்த வீட்டைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? முதலில் துறைத் தலைவர் வந்தார். பெரிய மனிதருக்குப் பெட்டைக் கோழியா அடிப்பது? சேவல் போனது. இனி குஞ்சு பொரிக்காது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் முட்டைக்குப் பஞ்சமில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்து வந்தவர்கள் ஐந்தாவது இலக்காம், பெண்கள் முன்னேற்றம். கோழிக்குச் சொந்தக்காரி யுப்லினா என்பதால் அவள் முன்னேறியிருக்கிறாள். ஒரு பெட்டை போனது. பிறகு கல்வி இலக்குக்காரர்கள், பிள்ளை வளர்ப்பை யுப்லினா கற்றுக்கொண்டிருக்கிறாளாம். இன்னொன்று. கோழி எச்சம் வயலுக்கு உரம் ஆகிறது, அதனால் மண்ணைக் காக்கும் இலக்கு என்று ஒரு வண்டி நிறைய மாணவர்கள் வந்தார்கள். மண்ணைக் கிண்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்று போதுமா? பக்கத்து வீடுகளிலிருந்தும் திட்டக் கோழிகளைப் பிடித்து வந்தோம். தான் ஒருத்தியே எத்தனை இலக்குக்கு முட்டையிடுகிறோம் என்று அந்தக் கோழிக்குத் தெரியாது, பாவம்.

ஒருநாள் வண்டியில் ஏறப்போன இபு லிஸ்தியானியின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இபு, உங்க பதினேழு பேரும் ஆளுக்கொரு வண்டில வந்தா நாங்க எங்க போறது? நீங்க குடுத்த கோழிய நீங்களே தின்னுட்டுப் போறீங்க."

அவர் முகம் செத்துப்போனது. "எனக்குந்தான் தெரியுது பெர்த்தாக்கா. ஒவ்வொரு தடவையும் வேணாம்னுதானே சொல்றேன். யாரும் கேக்கமாட்டேங்கறாங்களே."

"நீங்க வேணாம்னு சொல்லச் சொல்லத்தான் அடிக்கறாங்க. அது இங்க மரியாதை."

"அப்ப வேணும்னு சொன்னா?"

"வேணும்னு கேட்டுட்டாரேன்னு ரெண்டா அடிப்பாங்க."

"வராம இருக்கவும் முடியாதுக்கா. ஒவ்வொரு துறையும் எந்த இலக்குக்கு என்ன பண்ணினோம்னு காட்டியாகணும். நல்லா நடக்கற எடம் இது ஒண்ணுதான். எல்லாரும் இத வந்து பாக்கணும்னு நிக்கறாங்க." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் இன்னும் எரிந்தது. கண்ணீரைப் பொரித்துப் பிள்ளைக்குக் கொடுக்க முடியுமா?

அடுத்த முறை வந்தபோது அவர் துணிந்து ஒரு காரியம் செய்தார். வயிறு சரியில்லை என்று சொல்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். கோழி அதற்குள் குழம்பாகிவிட்டது. ஊரே திகைத்துப்போனது. அவர்கள் போனதும் யுப்லினா என் அடுப்படியில் வந்து விழுந்தாள்.

"நான் என்னக்கா தப்பு பண்ணினேன்? இபு என் கையால ஒரு வாய் வாங்கல. என்மேல கோபம். மிச்சக் கோழியத் திருப்பி வாங்கிட்டுப் போயிருவாங்க."

"உன்மேல பரிதாபப்பட்டுத்தாண்டி சாப்பிடல."

"பரிதாபப்பட்டா சாப்பிடுவாங்க. கோபப்பட்டாத்தான் சாப்பிடமாட்டாங்க. யாரு வீட்லக்கா நீ வளந்த?"

அடுத்த வண்டிக்கு இரண்டு கோழி அடித்தார்கள், கோபத்தைத் தணிக்க.

பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரை வைத்த கடிதம் வந்தது. வருகை தரும் குழுவினருக்கு உணவு எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை என்று அன்புடன் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்த் தலைவர் உம்பு ஹாமா அதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். மடித்துப் பையில் வைத்துவிட்டு நெஞ்சு விம்மச் சொன்னார்:

"பாத்தீங்களா, எவ்வளவு மரியாதையானவங்க. வாயால வேணாம்கறது பத்தாதுன்னு எழுத்துலயே வேணாம்னுட்டாங்க. முத்திரை வேற. இவங்களுக்குப் போயி ஒரு கோழியோட நிறுத்தறதா?"

"உம்பு, அவங்க நெசமாவே வேணாம்னுதான் எழுதியிருக்காங்க" என்றேன்.

"பெர்த்தா, நீ தராசப் பாரு. ஊர் மானத்த நான் பாத்துக்கறேன்."

"ஊர் மானம் எத்தன கிலோ இருக்கும் உம்பு? தூளில போட்டுப் பாக்கட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அன்றைக்கு மூன்று கோழிக்குச் சொல்லி அனுப்பினார். அந்த ஆளைத் திட்டி என்ன பயன்? அவர் வீட்டுக் கோழியும்தான் போனது. எங்கள் ஊரில் இல்லாதவன்தான் அதிகமாகக் கொடுப்பான், இல்லை என்பது தெரிந்துவிடக் கூடாதே என்று.

மழை தள்ளிப்போன அந்த வருடம் யுப்லினாவிடம் மிஞ்சியது ஒரே ஒரு பெட்டை. இடது இறக்கையில் வெள்ளைப் புள்ளி உள்ளது. தீவனம் தீர்ந்துபோய், கிடைத்ததைப் பொறுக்கித் தின்று, இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முட்டை வைக்கும். மெல்சிக்கு இருமல் பிடித்தது. அட்டையில் புள்ளி மறுபடி இறங்கிக் கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. அந்த ஒற்றைக் கோழிதான் பிள்ளைக்கும் கோட்டுக்கும் நடுவில் நின்றது. அப்போதுதான் செய்தி வந்தது. தலைநகரத்திலிருந்து பரிசுக் குழு வருகிறது, கூடவே வெளிநாட்டு அம்மாள் ஒருத்தர். எந்தப் பல்கலைக்கழகம் இலக்குகளுக்கு அதிகம் பங்களித்தது என்று பார்த்து முதல் இடம் கொடுப்பார்களாம். பார்க்கப் போவது மாதிரி வீட்டை.

நான் யுப்லினாவிடம் போய் நேராகவே சொன்னேன்.

"கோழிய என் வீட்ல ஒளிச்சு வைக்கறேன். சீக்கு வந்து எல்லாம் செத்துப்போச்சுன்னு சொல்லிரு. வெத்தலையும் காபியும் குடு, போதும்."

அவள் என்னை ஏதோ திருடச் சொன்னது போலப் பார்த்தாள். "வாசல்ல கல்லறையில படுத்திருக்கற முன்னோருங்க கேப்பாங்கக்கா. வெளிநாட்லருந்து வந்தவள வெறும் வாயோட அனுப்பினியான்னு."

"கேக்கட்டும். உன் பொண்ணு அவங்ககூடப் போயிப் படுத்துட்டா, அப்ப என்ன கேப்பாங்க?"

சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் வேறு எதற்கும் அவள் அசையமாட்டாள். அவளே போய்க் கோழியைப் பிடித்து என் கையில் கொடுத்தாள். சத்தம் போடாமல் இருக்க அதன் கண்ணைத் துணியால் கட்டியிருந்தாள்.

குழு வந்தது. மூன்று வண்டி. உம்பு ஹாமா நெய்த துண்டைத் தோளில் போட்டு வரவேற்றார். விருந்தாளிகள் மூங்கில் தளத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெற்றிலை வந்தது, காபி வந்தது. வெளிநாட்டு அம்மாள் ஒல்லியாக, வெள்ளை முடியோடு, மண்ணில் சம்மணம் போட்டு உட்காரவும் தயாராக இருந்தார். கோழிகள் எங்கே என்று கேட்டார். யுப்லினா தரையைப் பார்த்துக்கொண்டே, "சீக்கு வந்துச்சு. செத்துப்போச்சு" என்றாள். இபு லிஸ்தியானி என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார் போல, ஒரு பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டினார். உம்பு ஹாமா மட்டும் வெட்கத்தில் கறுத்துப்போய் வெற்றிலைத் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். காபி முடிந்தது. இப்போது ஏதாவது வர வேண்டிய நேரம். எதுவும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் எழுந்து போய்விடுவார்கள், நான் மனதுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெல்சியை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. வீட்டுக்கு வண்டி வந்தால் என்ன நடக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை நடக்கத் தொடங்கியதிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்? என் அடுப்படியில் கூடைக்கு அடியில் கோழியைக் கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டு கையாலும் அணைத்து, தன் வயிற்றோடு இறுக்கி, இருமிக்கொண்டே தத்தித் தத்தி வந்தாள். நேராக வெளிநாட்டு அம்மாளிடம் போய் அவர் காலடியில் கோழியை வைத்தாள்.

"கீர" என்றாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் உருகினார்கள். கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். பிள்ளை என்ன சொன்னாள் என்று மொழிபெயர்த்ததும் அந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்துக் கண்ணைத் துடைத்தார். "எங்க ரத்தம்!" என்று உம்பு ஹாமா எழுந்து நின்றார். கோழி செத்துப்போனதாகச் சொன்ன பொய்யை ஒருவரும் கேட்கவில்லை. வேண்டுமென்றே மறைத்துவைத்து ஆச்சரியப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். யுப்லினா எழுந்தாள். மகளை முத்தமிட்டாள், கோழியை எடுத்தாள், கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

இதற்கு மேல் கேவலம் எதுவும் நடக்காது என்று நினைத்தேன். நடந்தது. தட்டு முன்னால் வந்ததும்தான் தெரிந்தது, அந்த அம்மாள் இறைச்சி சாப்பிடுவதில்லை. பூமி சூடாகாமல் இருக்க அவரால் ஆனது. அது பதிமூன்றாவது இலக்காம். அவர் சாப்பிடாததால் மற்றவர்களும் மரியாதைக்குச் சாப்பிடவில்லை. எங்கள் ஊரில் விருந்தாளிக்கென்று அடித்தது விருந்தாளிக்குத்தான் சொந்தம். சாப்பிடாவிட்டால் இலையில் கட்டிக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும், வீட்டார் அதில் வாய் வைக்கக் கூடாது. யுப்லினா கோழியைச் சோற்றோடு கட்டி வண்டியில் வைத்தாள். மெல்சி அந்தப் பொட்டலத்தின் வாசனையை மோந்து மோந்து வண்டி வரைக்கும் போனாள். நான்தான் அவளைத் தூக்கி வந்தேன். தூக்கும்போதே தெரிந்தது, தராசு வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மாதம் புள்ளி கோட்டுக்குக் கீழே போனது. அதற்கடுத்த மாதம் இன்னும் கீழே. பிள்ளை மறுபடி சுவரைப் பிடித்தாள். சுகாதார நிலையத்தில் சண்டை போட்டு ஒரு பெட்டி சத்து பிஸ்கட் வாங்கி வந்தேன். ஒரு மாதத்துக்கு வரும். யுப்லினாவின் கையில் கொடுத்து, இது மெல்சியின் உயிர், வேறு யார் வாயிலும் போகக் கூடாது என்று தேவாலயத்துப் படியில் வைத்துச் சத்தியம் வாங்கினேன்.

மறுநாள் இபு லிஸ்தியானி போன் செய்தார். பின்னால் ஒரே ஆரவாரம்.

"பெர்த்தாக்கா, ஜெயிச்சிட்டோம்! ரெண்டாவது இலக்குல நம்ம பல்கலைக்கழகத்துக்குத்தான் மொத எடம். மெல்சி கோழி கொண்டுவந்த படந்தான் மேடையில இவ்ளோ பெரிசா வச்சிருந்தாங்க. யுப்லினாவுக்கு நேர்ல வந்து நன்றி சொல்லணும்னு எல்லாரும் கிளம்பறாங்க."

"இபு, மெல்சி கோட்டுக்குக் கீழ போயிட்டா. நடக்கறதில்ல."

ஆரவாரத்திலிருந்து அவர் தள்ளி வந்தது கேட்டது. குரல் உடைந்தது, அது நடிப்பில்லை. "ஐயோ. ஏன்? என்ன ஆச்சு? காரணத்தக் கண்டுபிடிக்கணும்க்கா. மருத்துவத் துறையிலிருந்து ரெண்டு டாக்டரையும் கூட்டிட்டு வரேன்."

"வேணாம் இபு. யாரும் வராதீங்க. இங்க ஒண்ணுமே இல்ல."

அந்தப் பக்கம் அவர் மெல்லச் சிரித்தார். அழுதுகொண்டே சிரிக்கிற சிரிப்பு, ரொம்பப் பிரியமான சிரிப்பு.

"நானும் உங்க ஊர்ல பழகிட்டேன்க்கா. ஒண்ணுமில்லேன்னா கோழின்னு தெரியும். வேணாம்னா கட்டாயம் வரணும்னு அர்த்தம்னும் தெரியும். பழைய லிஸ்தியானின்னு நெனச்சீங்களா?"

கத்தினேன். போனைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன், நிஜமாகவே வராதே, நிஜமாகவே ஒன்றுமில்லை என்று. இபு நெகிழ்ந்து போய், சனிக்கிழமை பார்ப்போம் என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை வந்தார்கள். நான் போகவில்லை, என் வாசலிலேயே நின்று பார்த்தேன். எங்கிருந்தோ யுப்லினாவின் கையில் ஒரு சேவல் இருந்தது. கொழுத்த சேவல், கடைக்காரி வீட்டில் வளர்ந்தது. கடைக்காரி சும்மா தருகிறவள் இல்லை. அவள் கடைப் பலகையில் நான் வாங்கிக் கொடுத்த பிஸ்கட் பெட்டி உட்கார்ந்திருப்பதைக் காலையிலேயே பார்த்துவிட்டேன். யுப்லினா சேவலை டாக்டர்கள் முன்னால் நீட்டினாள். அவர்கள் பதறினார்கள். அவள் நிமிர்ந்து நின்றாள், பல நாளைக்குப் பிறகு அப்படி நின்றாள்.

சாப்பிடும்போது பெரிய டாக்டர் மெல்சியை மடியில் உட்காரவைத்து, கண்ணை விரித்துப் பார்த்தார், கையைப் பிடித்துப் பார்த்தார். பிள்ளைக்கு இப்போது என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

"சத்து பிஸ்கட்டு" என்றாள் யுப்லினா.

"நல்லது" என்றார் அவர், சேவலின் காலைக் கடித்துக்கொண்டே. "அதையே விடாம குடுங்க."